50-ஆம் நாள் மோட்டார் நிற்கவில்லை: ரீசெட்டா, கழித்தலா?

கிணற்றடி: தென்னைக்குத் தினமும் காலை 6 மணிக்கு 20 நிமிடம் தண்ணீர் பாய ஆர்டுயினோவில் (நாமே கோட் எழுதி ஓட்டும் சின்ன மின்னணு போர்டு) டைமர் போட்டிருந்தேன். மில்லிஸோடு (போர்டு ஆன் ஆனதிலிருந்து ஓடிய மில்லிநொடிகளின் எண்ணிக்கை) 24 மணி நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் ஆன். 49 நாள் ஒழுங்காக ஓடியது. 50-ஆம் நாள் காலை ஆன் ஆனது இரவு 11.20-க்குத்தான் நின்றது, கிணற்றில் சேறுதான் மிச்சம். இப்போது தினமும் இரவு 11-க்கு ஓடுகிறது!

ரீசெட்_ராஜா: போர்டு வாரம் ஒருமுறை தானே ரீசெட் ஆகட்டும், வேலை முடிந்தது. போயிங் 787-க்கே 2015-இல் அமெரிக்க விமானத்துறை அதைத்தானே சொன்னது? ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவி 248 நாள் விடாமல் ஓடினால் கவுண்டர் நிரம்பி மின்சாரம் போய்விடும், அதனால் 120 நாளுக்குள் பவரை அணைத்துப் போடு என்று.

பழைய_சி: அது மென்பொருளைத் திருத்தும்வரை போட்ட கட்டு ஐயா. 2004 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் விமானிகளோடு பேசும் ரேடியோ அமைப்பு மில்லிநொடி கவுண்டர் நிரம்பிப் போகும் இதே 49.7 நாள் கணக்கில்தான் படுத்தது. 30 நாளுக்கு ஒரு ரீஸ்டார்ட் என்று விதி இருந்தது, மறந்துவிட்டார்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் பேச்சே இல்லை.
கிணற்றடி, கூட்டாதீர்கள், கழியுங்கள். இப்போதைய மில்லிஸிலிருந்து கடைசியாக ஆன் ஆன நேரத்தைக் கழித்து, வருவது 24 மணி நேரத்தைத் தொட்டால் ஆன். இரண்டும் அன்சைன்ட் (மைனஸ் மதிப்பு இல்லாத) 32 பிட் எண் என்றால் நடுவில் கவுண்டர் 4,29,49,67,295-ஐத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்தாலும் விடை சரியாகவே வரும்.

ரீசெட்_ராஜா: மறந்தது மனிதன், நான் சொல்வது போர்டே செய்வது. கழித்தல் உங்கள் வரியைக் காப்பாற்றும், சரி. இறக்கிப் போட்ட சென்சார் லைப்ரரிக்குள் (யாரோ எழுதிவைத்த கோட்) எவன் கூட்டி வைத்திருக்கிறானோ, யார் திறந்து பார்ப்பது?

பழைய_சி: திறக்கவே வேண்டாம். லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஜிஃபீஸ் என்ற 32 பிட் நேரக் கவுண்டர் பூட் ஆகி 5 நிமிடத்தில் சுற்றிவரும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், தப்பான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) அன்றே மாட்டிக்கொள்ளும். ஆர்டுயினோ ஊனோ போர்டிலும் மில்லிஸ் எண்ணிக்கையை வைத்திருக்கும் டைமர்0_மில்லிஸில் பெரிய எண்ணை எழுதிவிட்டால் அதே சோதனைதான். அப்புறம், ரீசெட் ஆனால் கடைசியாக எப்போது பாய்ந்தது என்பதும் அழிந்துபோகுமே, அதற்கு என்ன வழி?

ரீசெட்_ராஜா: ஆர்டிசி சிப் (கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம்) போட்டு மணி பார்த்து ஓட்டட்டும்.

பழைய_சி: மணி பார்த்து ஓடினால் உங்கள் ரீசெட் எதற்கு?

கிணற்றடி: மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, கவுண்டர் நிரம்ப 5 நிமிடமே இருக்கும்படி எண்ணை எழுதி, 20 நிமிடத்தை 20 நொடியாக்கிப் பார்த்தேன். பழைய கோடில் ரிலே (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) டக்கென்று விழுந்து அதே வேகத்தில் திரும்ப ஏறுகிறது, 5 நிமிடமும் அதே ஆட்டம். கழித்தலுக்கு மாற்றியதும் விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. ஆனால் கரண்ட் போய் வந்தால் 6 மணி என்பது போர்டுக்குத் தெரியாது, இங்கே அது தினசரி நடக்கிற விஷயம். ஆர்டிசி வாங்கத்தான் வேண்டும் ராஜா.