பகலில் 33 டிகிரி வெப்பம்: குஞ்சுகளுக்கு விளக்கு தேவையா?

கேள்வி:
நேற்று முன்தினம் பொரித்த பன்னிரண்டு கோழிக்குஞ்சுகளைத் தாய்க்கோழி இல்லாமல் ஓர் அட்டைப்பெட்டியில் வளர்க்கிறேன். அறையின் வெப்பம் பகலில் 33 டிகிரி செல்சியசைத் தொடுகிறது. விடியற்காலையில் 24 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. முதல் வாரத்தில் 35 டிகிரி வரை வேண்டும் என்று படித்ததால், 250 வாட் அகச்சிவப்பு விளக்கை இடைவிடாமல் எரியவிட்டேன். இன்று நண்பகலில் குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி, இறக்கைகளைத் தொங்கவிட்டு, பெட்டியின் ஓரங்களில் ஒதுங்கிக் கிடந்ததைக் கண்டு பதறி விளக்கை அணைத்தேன். இரவில் மீண்டும் போடலாமா?

பதில் 1:
அணைத்தது சரியான முடிவு. 32 முதல் 35 டிகிரி என்பது குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டிய வெப்பம். உங்கள் அறையே பகலில் அதைத் தந்துவிடுகிறது. ஆனால் இரவில் விளக்கு கட்டாயம் வேண்டும், ஏனெனில் இந்த வயதில் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் திறன் குஞ்சுகளுக்கு இன்னும் வரவில்லை. மெல்லிய தூவியும் போதிய காப்பு அன்று. வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைத்து வந்தால், இறகு நன்கு முளைத்தபின் விளக்கை நிறுத்திவிடலாம்.

பதில் 2:
அட்டைப்பெட்டிக்கு 250 வாட் மிக அதிகம். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. 40 அல்லது 60 வாட் குண்டு பல்பை ஒரு மூலையில் மட்டும் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு இதற்குப் போதிய வெப்பம் தராது. மறுமூலை குளிர்ச்சியாக இருந்தால், தமக்கு ஏற்ற இடத்தைக் குஞ்சுகளே தேடிக்கொள்ளும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர்கிறது. விலகி ஓடினால் சுடுகிறது. வெப்பமானியைவிட இந்த நடத்தையையே நான் பெரிதும் நம்புகிறேன்.

பதில் 3:
வெப்பம் மிகுந்த குஞ்சு விரைவில் நீர் வற்றிச் சோர்ந்துவிடும் என்பதால், ஆழமில்லாத தட்டில் தண்ணீரைக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மூழ்காதிருக்கக் கூழாங்கற்களையும் இடுங்கள். ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறதா என்று இன்றே ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாக அகற்ற வேண்டும். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு குஞ்சுகளுக்கு அடைத்திருந்தது, நனைத்து எடுத்துவிட்டேன். இரவு 40 வாட் பல்பைக் கட்டினேன். விடியற்காலை நான்கு மணிக்குப் பார்த்தபோது, பன்னிரண்டும் வெளிச்சத்தின் விளிம்பில் பரவலாகப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தன.