அம்மாயிக்கு ரொட்டியும் பிளேன்டியும் போதுமா?

மஸ்கெலியாப் பேரன்:
அம்மாயிக்கு 74 வயது. 40 வருடம் கொழுந்து எடுத்தவர். பல் போனதிலிருந்து மூன்று வேளையும் ரொட்டியைப் பிளேன்டியில் (பால் சேர்க்காத தேத்தண்ணி) நனைத்துத்தான் சாப்பாடு. எடை 48 கிலோ. தோட்டத்து லயத்து வீட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால், "வயசான வயித்துக்கு இது போதும்டா" என்கிறார். என்ன கொடுக்கலாம்?

ஹட்டன் அக்கா:
தம்பி, மூச்சு வாங்குவதை வயது என்று விட்டுவிடாதீர்கள். முதலில் கிளினிக்கில் காட்டி, இரத்தசோகை இருக்கிறதா என்று இரத்தம் சோதியுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். என் மாமியாரிடம் அடியோடு நிறுத்தச் சொன்னேன், இரண்டு நாள் பேச்சே இல்லை! அப்புறம் நேரத்தை மட்டும் மாற்றினோம்.

பதுளைக்காரன்:
வயதானவர்களுக்கு ஒரு நாளைக்குப் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். அம்மாயிக்கு 48 முதல் 58 கிராம் வரை வரும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நெத்தலி மீனை வறுத்து இடித்துச் சம்பலில் போடுங்கள், பல் தேவையில்லை. பருப்பைக் குழைய விடுங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மஸ்கெலியாப் பேரன்:
நெத்தலிச் சம்பலுக்குச் சரி என்றுவிட்டார். தேத்தண்ணிக்குத்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. வெள்ளிக்கிழமை கிளினிக்.