‘சின் அமுவெப்லார்’ என்றால் வெறும் சுவர்தானா?

கேள்வி:
முதுகலைப் படிப்புக்காக ஸ்பெயினில் உள்ள வலென்சியா போகிறேன். அங்குள்ள ஸ்பானிய மொழி வாடகை விளம்பரங்களில் ‘அமுவெப்லாதோ’ என்றால் கட்டில், மேசையோடு வீடு என்று புரிகிறது. ஆனால் ஒரே வீட்டுக்கு ‘சின் அமுவெப்லார்’ (சாமான்கள் இல்லாதது) என்றும் ‘கொசீனா எகிபாதா’ (சாதனங்களோடு சமையலறை) என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சாமான்கள் உண்டா, இல்லையா?

பதில்:
தம்பி, இரண்டும் ஒரே வீட்டுக்குப் பொருந்தும். ‘முவெப்லே’ என்றால் அடிப்படையில் அசையக்கூடியது. நாம் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்கிறோமே, அதேபோல வீடும் நிலமும் அங்கே ‘இன்முவெப்லே’. வீட்டுத் தரகு அலுவலகம் ‘இன்மொபிலியாரியா’. ஆகவே ‘சின் அமுவெப்லார்’ வீட்டில் கட்டில், சோபா இருக்காது. சுவரில் பதித்த அலமாரியான ‘அர்மாரியோ எம்போத்ராதோ’ இருக்கலாம். போர்த்துக்கீசியர் நமக்குத் தந்த அலமாரியின் உடன்பிறப்புதான் இந்த அர்மாரியோ. அவர்கள் ‘மேசா’ என்பதும் நம் மேசையே!

சமையலறையில்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். ‘கொசீனா அமுவெப்லாதா’ என்றால் பெரும்பாலும் அலமாரிகளும் மேடையும் மட்டும். ‘எகிபாதா’ என்றால் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி போன்றவையும் உண்டு. அப்போதும் ‘லாவதோரா’ (துணி துவைக்கும் இயந்திரம்), ‘ஓர்னோ’ (கேக், ரொட்டி சுடும் அடுப்பு) உண்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தட்டு, பாத்திரமெல்லாம் ‘மெனாஹே’. அது தனிக் கேள்வி.

இன்னொருவர்:
இணையத்தில் ‘அமோப்லாதோ’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். கொலம்பியா, சிலி பக்கம் அப்படி எழுதுவார்கள். ஸ்பெயினில் அடுக்குமாடி வீட்டை ‘பீசோ’ என்று தேடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி அக்கா. சாமான்களோடு உள்ள ஒரு வீட்டை ‘அல்கிலேர் தே தெம்போராதா’ (தற்காலிக வாடகை) என்று போட்டு, ‘ஃபியான்சா’ (முன்பணம்) இரண்டு மாத வாடகை கேட்கிறார்கள். முறைதானா?

பதில்:
முறைதான். 1994ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, நிலையான குடியிருப்புக்கு ஃபியான்சா ஒரு மாத வாடகை. ‘தெம்போராதா’ போன்ற தற்காலிக வாடகைக்கு இரண்டு மாதம். ஆனால் தற்காலிக ஒப்பந்தத்தில், நிலையான குடியிருப்புக்குச் சட்டம் தரும் ஐந்தாண்டுப் பாதுகாப்பு கிடையாது. படிப்பு முடியும் வரை தங்க வேண்டுமென்றால் முடிவுத் தேதியை முதலில் பாருங்கள்.

சாமான்கள் இருக்கும் வீடென்றால் ‘இன்பெந்தாரியோ’ எனும் பொருள் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். மெத்தையில் கறை, மேசையில் கீறல் என எல்லாவற்றையும் அதில் எழுதச் செய்து, படமும் எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். விளம்பரத்தின் முழு வாசகத்தை இங்கே இடுங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.