கெக்கோ முட்டை குழி விழுந்துவிட்டது, அவசரம்

வாணி_ஸ்கார்பரோ: வணக்கம். நாங்கள் வளர்க்கும் பல்லி, லெப்பர்ட் கெக்கோ, இரண்டு முட்டை இட்டது. எடுத்துப் பெட்டியில் வைத்தேன். இன்று பார்த்தால் ஒன்றில் பெருவிரலால் அமத்தின மாதிரிக் குழி. மற்றது நல்லாக இருக்கிறது. என்ன செய்வது? கெதியாகச் சொல்லுங்கள், மகள் அழுகிறாள்.

ஈரமண்: என்ன பெட்டி? அடியில் என்ன போட்டீர்கள்? வெப்பம் எவ்வளவு? இட்டு எத்தனை நாள்?

கோழிக்கூடு: ஊரில் வருசக்கணக்காக நாட்டுக்கோழி அடைவைத்தவன் நான். ஒரே பக்கம் கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிவிடும். நாளுக்கு மூன்று முறை திருப்புங்கள், சரியாகிவிடும்.

பல்லிவாத்தியார்: தயவுசெய்து திருப்பாதீர்கள்! கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்க முறுக்கு நாண் உண்டு. பல்லி முட்டையில் இல்லை. இட்ட ஓரிரு நாளில் கரு மேல் பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு புரட்டினால் செத்துப்போகும். மேல் பக்கம் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து விடும் முன்பே இதைப் படித்திருக்க வேண்டும். எத்தனை தடவைதான் எழுதுவது?

ஈரமண்: அண்ணா, பிள்ளை அழுகிற வீடு. முதலில் முட்டையைப் பார்ப்போம்.

வாணி_ஸ்கார்பரோ: மன்னிக்கவும். 6 நாள் ஆகிறது. சாப்பாட்டு டப்பா, அடியில் நனைத்த கிச்சன் பேப்பர், மூடி போடவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. எடுத்து வைத்தபின் தொடவில்லை. வெப்பம் அளக்கவில்லை.

கண்ணாடித்தொட்டி: தாய்க்குக் கால்சியம் போதவில்லை. என் கெக்கோவுக்கும் இதேதான். பூச்சியில் பொடி தூவிக் கொடுங்கள்.

ஈரமண்: கால்சியம் அடுத்த முட்டைக்கு உதவும். இங்கே தண்ணீர்தான் பிரச்சினை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று காய்ந்துபோய் இருக்கும், இந்த முட்டையின் தோல் மெல்லியது, திறந்த டப்பாவில் ஈரம் போய்விடும். வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) வாங்கி, அதே எடைக்குத் தண்ணீர் கலக்குங்கள். கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. விரலால் பள்ளம் செய்து, கிடந்த வாக்கிலேயே பாதி புதையுங்கள். மூடியில் இரண்டு சின்ன ஓட்டை. முட்டை மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஹீட்டரை விட்டு நகர்த்தி, தெர்மோஸ்டாட் வைத்து 28 டிகிரியில் நிறுத்துங்கள். இருட்டில் போன் டார்ச்சைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது.

கண்ணாடித்தொட்டி: 28 எதற்கு? 32 வைத்தால் சீக்கிரம் பொரிக்கும்.

பல்லிவாத்தியார்: லெப்பர்ட் கெக்கோ ஆணா பெண்ணா என்பதை முட்டையின் வெப்பம்தான் தீர்மானிக்கும். 32 பக்கம் போனால் ஆண் குஞ்சுகள் கூடும். 26 என்றால் பெரும்பாலும் பெண். 35ஐ நெருங்கினால் மறுபடி பெண். அடிப்படை.

கண்ணாடித்தொட்டி: எல்லாப் பல்லிக்கும் அப்படி இல்லை. பியர்டட் டிராகனுக்குக் குரோமோசோம்தான் ஆண் பெண் தீர்மானிக்கும்.

பல்லிவாத்தியார்: அதிலும் சூடு மிஞ்சினால் ஆண் குரோமோசோம் உள்ள கருவே பெண்ணாகப் பொரிக்கும். அரைகுறையாகச் சொல்லாதீர்கள்.

கோழிக்கூடு: கோழியில் இந்தக் குழப்பமே இல்லை. திருப்பச் சொன்னது தவறு, வாணி. மன்னியுங்கள்.

வாணி_ஸ்கார்பரோ: டார்ச் அடித்துப் பார்த்தேன். குழி விழுந்ததில்தான் சிவப்பு நரம்பு! நல்லாக இருந்தது முழுக்க மஞ்சள். இரண்டையும் வெர்மிகுலைட்டில் வைத்துவிட்டேன்.

ஈரமண்: மஞ்சளை இப்போதே எறியாதீர்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். பூஞ்சை பிடித்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

வாணி_ஸ்கார்பரோ: நாலாம் நாள். குழி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. மகள் பள்ளிக்கூடம் போகுமுன் பார்த்துவிட்டுத்தான் போனாள். நன்றி.

பல்லிவாத்தியார்: வெப்பம் எவ்வளவு காட்டுகிறது? மூடி திறந்து பார்க்கிறீர்களா?

பல்லிவாத்தியார்: வாணி, இருக்கிறீர்களா?