ஒரே மெட்டு, நாலு மொழி: உங்களுக்குப் பிடிச்ச கவர் எது? சின்ன செட்ல தாங்குமா?

அல்சூர்_ஆறுகம்பி

வணக்கம். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 நிமிஷ நிகழ்ச்சி. அக்கூஸ்டிக் கிடார், கீபோர்ட், கஹோன் (மேல உக்காந்து கையால தட்டுற பெட்டி) ஒவ்வொண்ணு. பாட ஒரு ஆண்குரல், ஒரு பெண்குரல். டிக்கெட் கிடையாது. கேக்கிறவங்கள்ல பாதி தமிழ், மீதி கன்னடம், இந்தி, மலையாளம் கலந்து. ஆங்கிலப் பாட்டும் எல்லாரும் கேப்பாங்க.

முழுக்க கவர் பாட்டுதான், அதாவது ஏற்கனவே வந்த பாட்டை இன்னொருத்தர் தன் பாணியில பாடுறது. மூலத்துக்குச் சமமா நிக்குதுன்னு நீங்க நினைக்கிற கவர் எது, எதனால? அதை இந்த மூணு வாத்தியத்துல வாசிக்க முடியுமா? சுருதி எங்க வைக்கணும், தாளம் எங்க சறுக்கும்னு சேர்த்துச் சொன்னா பெரிய உதவி.

மல்லேஸ்வரம்_மெட்டு

பெங்களூருன்னா முதல் பாட்டைப் பத்தி யோசிக்கவே வேணாம். 1981ல சங்கர் நாக் இயக்கின கன்னடப் படம் ‘கீதா’. அதுல இளையராஜா இசையில எஸ்.பி.பி.யும் எஸ். ஜானகியும் பாடின ‘ஜொதெயலி ஜொதெஜொதெயலி’. அதே மெட்டு 1984ல ‘நூறாவது நாள்’ படத்துல ‘விழியிலே மணி விழியில்’ ஆச்சு, பாடினதும் அதே ரெண்டு பேர். 2007ல ‘சீனி கம்’ இந்திப் படத்துல ‘ஜானே தோ நா’ன்னு ஷ்ரேயா கோஷல் பாடினாங்க. ஒரே மெட்டுல உங்க கூட்டத்துல மூணு மொழிக்காரங்களும் சேர்ந்து பாடிடுவாங்க. பல்லவி தமிழ்ல, முதல் சரணம் கன்னடத்துல, பல்லவிக்குத் திரும்பறப்போ இந்தின்னு பிரிச்சுக்கலாம். மெட்டு ஒண்ணுங்கிறதால மூச்சு வாங்குற இடம் பெரிசா மாறாது. ஆனா இந்தி வடிவத்தோட நடை வேற. அந்த வரிகளைப் பாடினாலும் வாசிப்பு கன்னட நடையிலேயே இருக்கட்டும். நடுவுல நடையை மாத்தினா கஹோன் தடுமாறும்.

‘சீனி கம்’ல இன்னும் ரெண்டு இருக்கு. தலைப்புப் பாட்டு 1986 ‘மௌன ராகம்’ படத்தோட ‘மன்றம் வந்த தென்றலுக்கு’. ‘பாத்தேன் ஹவா’ அதே வருஷம் வந்த ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்தோட ‘குழலூதும் கண்ணனுக்கு’. மூணையும் மூலத்தோட அடுத்தடுத்துக் கேளுங்க. எனக்கு ‘மன்றம் வந்த’தான் கவரா ரொம்ப நல்லா மாறியிருக்கு. எஸ்.பி.பி. குரல்ல தயங்கித் தயங்கி வர்ற பாட்டு அங்க பெண்குரல்ல துள்ளுது. மெட்டைத் தொடாம மனநிலையை மாத்தின கவர் அது.

இப்ப சறுக்குற இடம். இளையராஜா பாட்டை கார்டு (ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) மட்டும் தட்டிப் பாடினா மொட்டையா இருக்கும். முன்னிசை, ரெண்டு இடையிசை, பேஸ் கிடார் போற பாதை எல்லாமே எழுதி வெச்ச இசை. கேக்கிறவங்க மனசுக்குள்ள அதையும் சேர்த்துத்தான் பாடுறாங்க. மூணு வாத்தியத்துல எல்லாத்தையும் கொண்டுவர முடியாது, அதனால ரெண்டை மட்டும் காப்பாத்துங்க. கீபோர்டோட இடது கை பேஸை மட்டும் வாசிக்கட்டும், கார்டு வேண்டாம். இடையிசையில வயலின் போற வரியைப் பெண்குரல் ‘லா லா’வா பாடட்டும். கிடார் நடுவுல கார்டை நிரப்பினா போதும். ரெண்டாவது இடையிசையை நாலு சுத்துக்குக் குறைச்சாலும் யாரும் வருத்தப்பட மாட்டாங்க. முதல் இடையிசையில கை வைக்காதீங்க.

ஃப்ரேசர்டவுன்_பேஸ்

ஆங்கிலத்துக்கு நான் வரேன். மேல இருக்கிற நண்பர் சொன்னது ராக் பாட்டுல தலைகீழ். அங்க மூலத்துலயே நிறைய வெற்றிடம் இருக்கும், கவர் பண்றவர் அதை நிரப்புவார்.

‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ நல்ல உதாரணம். பாப் டிலன் 1967ல கிடார், ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ்னு எளிமையா வெச்சார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968ல அதே மூணு கார்டு மேல கிடார் சோலோவை நாலு துண்டா கட்டினார். முதல்ல நேரான லீட், அப்புறம் ஸ்லைடு, அப்புறம் வா-வா (சத்தத்தைப் பேசுற மாதிரி வளைக்கிற கால்மிதி), கடைசியா கார்டு அடி. பின்னாடி டிலனே மேடையில ஹெண்ட்ரிக்ஸ் பாணிக்கு வந்துட்டார். கவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. உங்களுக்கு வாசிக்கணும்னா ஏ மைனர், ஜி, எஃப், திரும்ப ஜி. கேப்போவை (கிடார் கழுத்துல மாட்டி சுருதி ஏத்துற கிளிப்) 4ல போட்டா டிலனோட சுருதி. ஆனா அந்தச் சுத்து எங்கயும் வந்து முடியாது, சுத்திக்கிட்டே இருக்கும். லீட் இல்லாம மூணு நிமிஷம் அடிச்சா அலுக்கும். ஒவ்வொரு சரணத்துக்கு நடுவுலயும் கீபோர்ட் வேற வேற நிறத்துல எட்டு அளவு வாசிக்கணும். அதுக்கு ஆள் தயாரா இல்லைன்னா இந்தப் பாட்டை விட்டுடுங்க.

உங்க செட்டுக்குப் பொருத்தமானது ‘ஹல்லேலூயா’. லெனர்ட் கோஹன் 1984ல வெளியிட்டப்போ சிந்தசைஸர், கோரஸ் எல்லாம் இருந்தது. 1991ல ஜான் கேல் வெறும் பியானோவுல பாடினார். 1994ல ஜெஃப் பக்லி கேலோட வடிவத்தைப் பிடிச்சு ஒத்தை எலக்ட்ரிக் கிடார்ல பாடினார். இன்னிக்கு உலகம் பூரா பாடுறது பக்லி வழிதான், அதாவது கவரோட கவர். பக்லி கேப்போ 5ல ஜி வடிவங்கள் வாசிக்கிறார், காதுல விழுறது சி. பெண்குரல்னா அதே வடிவங்களை வெச்சுக்கிட்டு கேப்போவை 1க்கு இறக்குங்க, ஜி ஷார்ப் வந்துரும்.

இதுல பெரும்பாலான இசைக்குழு கெடுக்கிறது தாளத்தை. பாட்டு திச்ர நடை. நாலு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு. கஹோன்காரர் ‘தகிட தகிட தகிட தகிட’ன்னு வாய்ல சொல்லிக்கிட்டு வாசிச்சா சரியா வரும். பழக்கத்துல அடிக்கு நாலு வர்ற ‘தகதிமி’க்குப் போனா பாட்டு அணிவகுப்பு மாதிரி ஆயிடும். முதல் ரெண்டு சரணத்துக்குக் கஹோனே வேணாம். மூணாவதுல தூரிகை வெச்சு லேசா, அவ்வளவுதான்.

நடையை மாத்தியே பாட்டைத் தனக்குச் சொந்தமாக்கினவர் ஜோ காக்கர். ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ 1967 பீட்டில்ஸ் வடிவத்துல நாலு அடிச் சதுச்ரம். ரிங்கோ ஸ்டார் குரலுக்காகவே மெட்டு பெரும்பாலும் அஞ்சு சுரத்துக்குள்ள அடங்கும். காக்கர் 1968ல அதைத் திச்ரமாக்கி, வேகத்தைக் குறைச்சு, ஆர்கனையும் பெண்கள் கோரஸையும் சேர்த்தார். சுரம் கம்மியா இருந்ததாலதான் அவருக்கு இழுத்துப் பாட அவ்வளவு இடம் கிடைச்சது. உங்க கடைசிப் பாட்டா இதை வைக்கலாம், கோரஸைக் கூட்டம் பாடும்.

ஜானி கேஷ் 2002ல பாடின ‘ஹர்ட்’ எனக்கு எல்லாக் கவருக்கும் மேல. நைன் இன்ச் நெய்ல்ஸ் 1994 மூலத்துல வேணும்னே உரசுற சுரம் வெச்சிருப்பாங்க. கேஷ் அதை நீக்கி ஏ மைனர், சி, டின்னு சாதாரண கார்டுல வயசான குரலைத் தனியா நிறுத்திட்டார். கோரஸ்ல பியானோவுல ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிச்சு, சத்தத்தை மட்டும் ஏத்திக்கிட்டே போவாங்க. ஆனா குழந்தைங்க ஓடுற குடியிருப்பு நிகழ்ச்சியில இது வேணாம்.

ஐந்தரைக்_கட்டை

பாடுகிறவர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். இருவரும் சுருதியைப் பற்றிச் சொன்னது போதாது.

“ஆணுக்கு 1½ கட்டை, பெண்ணுக்கு 5½ கட்டை” என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள் (கட்டை என்பது ஷட்ஜம் எந்தச் சுரத்தில் என்ற கணக்கு, 1 கட்டை என்றால் சி). முதலில் பாட்டின் உச்ச சுரத்தையும் அடி சுரத்தையும் கண்டுபிடியுங்கள். உச்சம் பெரும்பாலும் சரணத்தில்தான் இருக்கும், பல்லவியை மட்டும் பாடிப் பார்த்து முடிவெடுத்தால் மேடையில் மாட்டிக்கொள்வீர்கள். பாட்டு மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம், ஷட்ஜத்திலிருந்து 16 அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு சாவிகளுக்கு இடையிலான தூரம் ஒரு அரைச்சுரம்). பெண்குரல் சிரமமில்லாமல் தொடும் உச்சம் கீபோர்டின் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி என்றால், அங்கிருந்து 16 இறங்குங்கள். ஜி ஷார்ப், அதாவது 5½ கட்டை. அதே பாட்டு மேல் பஞ்சமம் வரை போனால் 19 இறங்க வேண்டும், 4 கட்டை. அடுத்து அடியைப் பாருங்கள். மந்திர பஞ்சமம் தொடும் பாட்டு 5½ கட்டையில் டி ஷார்ப் வரை இறங்கும். பல பெண்குரல்களில் அங்கே காற்றுதான் வரும். அந்த ஒரு வரியை ஆண்குரலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

‘ஜொதெயலி’ போன்ற டூயட்டுக்கு நடுவில் சுருதி மாற்றும் வித்தை வேண்டாம். 2½ அல்லது 3 கட்டையில் வைத்து, ஏறும் வரிகள் பெண்ணுக்கு, இறங்கும் வரிகள் ஆணுக்கு என்று பங்கிடுங்கள்.

விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ (1992) கேட்டு யாராவது வருவார்கள். கடைசிக் கோரஸில் ஏ-யிலிருந்து பி-க்கு முழுச் சுரம் ஏறும் பாட்டு அது. ஆரம்பத்தில் வசதியாக இருக்கும் சுருதி கடைசியில் கழுத்தை நெரிக்கும். கடைசிக் கோரஸுக்குச் சுருதி பார்த்து, அங்கிருந்து ஒரு சுரம் இறக்கித் தொடங்க வேண்டும். அதைவிட டாலி பார்ட்டன் எழுதிப் பாடி 1974இல் வெளியிட்ட மூல வடிவத்துக்கே போங்கள். நடுவில் ஒரு சரணத்தைப் பேச்சாகச் சொல்வார். கிடார் ஒன்றே போதும், உருக்கமும் குறையாது.

இன்னொன்று, பழைய டேப் பதிவுகள் எப்போதும் கீபோர்டின் சுருதியில் இருக்காது. பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகும்போது 20 சென்ட் (அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு) இறங்கியிருந்தால் கீபோர்டின் ட்யூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து 435க்கு வையுங்கள். பழகி முடித்ததும் 440க்குத் திருப்ப மறக்காதீர்கள், மறந்தால் மேடையில் கிடாரும் கீபோர்டும் சேராது.

கோரமங்களா_கமகம்

‘சங்கத்தில் பாடாத கவிதை’யை எப்படி விட்டீங்க எல்லாரும்! 1982ல பாலு மகேந்திராவோட மலையாளப் படம் ‘ஓளங்கள்’ல ஜானகி பாடின ‘தும்பீ வா’. அதே வருஷம் அதே மெட்டு தமிழ்ல ‘ஆட்டோ ராஜா’வுல இந்தப் பாட்டாச்சு, பாடினது இளையராஜாவும் ஜானகியும். 1983 ‘சத்மா’வுல குல்ஸார் வரிகளோட சுரேஷ் வாட்கர் பாடின ‘ஏ ஸிந்தகி கலே லகா லே’. 2009 ‘பா’வுல திரும்பவும். இந்த மெட்டைப் போட்டா உங்க மலையாளக் கூட்டமும் வந்துரும்.

ஆனா கண்டிப்பாச் சொன்னா இதெல்லாம் கவர் இல்லை. மெட்டு பழசு, சொல் புதுசு, இசையமைப்பாளர் ஒருத்தரே. இதுக்கு நேரெதிர் ‘தொட்டால் பூ மலரும்’. 1964 ‘படகோட்டி’க்கு வாலி எழுதின வரிகள், 2004 ‘நியூ’வுல ஏ.ஆர். ரஹ்மான் அந்த வரிகளுக்குப் புது மெட்டே போட்டார். ரெண்டையும் ஒரே பாட்டா ஒட்டிப் பாட ஆசைப்படாதீங்க. சொல் ஒண்ணுங்கிறதால வாய் தானா பழைய மெட்டுக்குப் போயிடும்.

மல்லேஸ்வரம்_மெட்டு

ஒத்துக்கிறேன், அகராதிப்படி கவர் இல்லை. ஆனா ஷ்ரேயா கோஷல் ‘மன்றம் வந்த’ மெட்டைப் பாடறப்போ கேக்கிறவன் காது எஸ்.பி.பி.யோடதான் ஒப்பிடுது. கவரோட வேலையே அதுதானே. என் பட்டியல்ல இருக்கட்டும்.

அல்சூர்_ஆறுகம்பி

அருமை, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். கீபோர்ட்காரர் வரமுடியலைன்னா கரோக்கே டிராக் போடலாமா? பதிவு பண்ணி யூடியூப்ல ஏத்தினா சிக்கல் வருமா?

இந்திராநகர்_மிக்ஸர்

டிராக்கோட சுருதியை ரெண்டு அரைச்சுரம் வரைக்கும் மாத்தலாம். அதுக்கு மேல போனா தபலா, டிரம்ஸ் சத்தம் கெட்டுப்போகும், கோரஸ் குரல் கார்ட்டூன் மாதிரி ஆகும். டிராக்ல போற பாட்டுக்குக் கஹோன் சேர்க்காதீங்க, ஸ்பீக்கர்ல இருந்து அவர் காதுக்கு வர்றதுக்குள்ள தாளம் பின்னால போயிரும்.

உரிமை விஷயம். காசு வாங்காத கூட்டத்துக்கு அமெச்சூர் சங்கமா வாசிக்கிறதுக்குப் பதிப்புரிமைச் சட்டம் 52வது பிரிவுல விலக்கு இருக்கு. டிக்கெட் வெச்சா ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதினவங்க, இசையமைச்சவங்களுக்காக ராயல்டி வசூலிக்கிற சங்கம்) உரிமம் எடுக்கணும். கரோக்கே டிராக் தனி ஒலிப்பதிவு, அதுக்கு உரிமை வேற ஆள்கிட்ட இருக்கும். கவரைப் பதிவு பண்ணி விக்கிறதுக்கு 31சி பிரிவு. மூலப் பதிவு வந்த வருஷம் முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து ராயல்டி கட்டணும், பாட்டுல தேவையில்லாத மாற்றம் செய்யக்கூடாது. யூடியூப்ல சாதாரணமா நடக்கிறது உரிமைக் கோரிக்கைதான். வீடியோ பெரும்பாலும் இருக்கும், விளம்பர வருமானம் அவங்களுக்குப் போகும்.

ஒலி அமைப்புல ஒண்ணு மட்டும். கிடார்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போடுங்க. பாதி ஊளைச் சத்தம் அதுலயே நிக்கும். கேப்போ போட்டதும் ஒவ்வொரு தடவையும் திரும்பச் சுருதி சேருங்க, அழுத்தம் கூடினா கம்பி ஏறிடும், கீபோர்டு பக்கத்துல இருந்தா உடனே காட்டிக்கொடுக்கும். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும். அதனால 9 மணிக்குள்ள தொடங்கிடுங்க, காக்கர் பாட்டுக்குக் கூட்டம் இன்னொரு தடவை கேக்கும்.