3060-ஆ 4060-ஆ? சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்

அம்மா: யாழினி கம்ப்யூட்டர் நேற்று ராத்திரி போய்விட்டது. திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டதாம். சரவணா, எதை வாங்கலாம்? இவர் சாயங்காலம் கடைக்குப் போகிறார்.

கீதா சித்தி: கார்டு போய்விட்டது என்றதும் ஏடிஎம் கார்டோ என்று பயந்துவிட்டேன்

யாழினி: பழையது 1050 டிஐ, 4 ஜிபி. கடையில் ஆர்டிஎக்ஸ் 3060-ம் 4060-ம் இருக்கிறதாம் மாமா. ப்ராஜெக்ட் கொடுக்க மூன்று வாரம்தான் இருக்கிறது.

முகில்: 4060. இதில் யோசிக்க என்ன இருக்கிறது

ராஜு மாமா: பெரிய நம்பர்தானே. அதையே வாங்கு.

சரவணன் மாமா: அவசரப்படாதீர்கள். 3060 வந்தது 2021 பிப்ரவரியில், 4060 வந்தது 2023 ஜூனில். புதியதில் சிப் வேகமாக ஓடும், மின்சாரமும் குறைவு, 115 வாட்தான். பழையது 170 வாட் கேட்கும். ஆனால் கார்டுக்குள் இருக்கும் மெமரி தலைகீழ். 3060-ல் 12 ஜிபி, 4060-ல் 8 ஜிபி. மெமரிக்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. நொடிக்கு 360 ஜிபி கொண்டுபோன இடத்தில் இப்போது 272. அதை ஈடுகட்ட சிப்புக்குள்ளேயே 24 எம்பி கேஷ் என்ற குட்டி மெமரி வைத்திருக்கிறார்கள், பழையதில் 3 எம்பிதான். கேம் ஆடுகிறவனுக்கு அந்த ஈடு போதும். யாழினிக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

கீதா சித்தி: படித்து முடிப்பதற்குள் கடை மூடிவிடும்

அம்மா: எதை வாங்குவது என்று மட்டும் சொல்லப்பா

முகில்: மாமா, இந்தப் பட்டைப் படத்தைப் பாருங்கள். 4060 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம்.
[படம்]

சரவணன் மாமா: படத்துக்கு அடியில் பொடி எழுத்தைப் படி. ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு எடுத்த கணக்கு அது. இரண்டு நிஜ ஃபிரேமுக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு, நடுவில் கார்டே ஒன்றைத் தயாரித்துச் செருகுகிறது. பார்க்க வழுவழுப்பாக இருக்கும், ஆனால் நீ மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையாது. 3060-ல் அந்த வசதியே கிடையாது. அதை அணைத்துவிட்டு 1080பி-யில் ஓட்டினால் வித்தியாசம் சுமார் 20 சதவீதம். அது நல்ல வித்தியாசம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு மடங்கு மட்டும் இல்லை.

முகில்: 20 சதவீதமும் சதவீதம்தானே

அம்மா: முகில், இது அக்கா படிப்புக்கு வாங்குவது

முகில்: கம்ப்யூட்டர் இரண்டு பேருக்கும் என்று அப்பாதான் சொன்னார்

அப்பா: சொன்னேன்.

கீதா சித்தி: சரவணன் சொல்லி நான் வாங்கிய பிரிண்டர் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதையும் நினைவில் வையுங்கள்.

சரவணன் மாமா: அந்தப் பிரிண்டருக்கு என்ன குறை? டிரைவர் போடச் சொன்னேன், நீ போடவில்லை.

ராஜு மாமா: ஆரம்பித்துவிட்டார்கள்

யாழினி: மாமா, காலேஜ் லேபில் என் 3டி காட்சியைப் படமாக்க ரெண்டர் போட்டபோது எடுத்த படம் இது. பிளெண்டர் மென்பொருளின் மேல் வரிசையில் பீக் 9600 எம், அதாவது பிடித்த மெமரி அதிகபட்சம் 9600 எம்பி என்று காட்டுகிறது. என் பழைய கார்டில் இந்தக் காட்சி தொடங்கவே இல்லை, மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது.
[படம்]

சரவணன் மாமா: இதைத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும் கண்ணு! 9600 என்றால் 9 ஜிபிக்கு மேல். 8 ஜிபி கார்டில் அது முழுசாக உட்காராது. மிச்சம் கம்ப்யூட்டரின் ராமுக்கு வழியும், ரெண்டர் ஊர ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் நின்றே போகும். 12 ஜிபியில் அப்படியே உட்கார்ந்துவிடும். காட்சி உள்ளே அடங்கினால் 4060 சீக்கிரம் முடிக்கும், சந்தேகமே இல்லை. அடங்காதபோது அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முகில்: பொருள்கள்மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களைச் சின்னதாக்கினால் அடங்கும்

யாழினி: எதை?

முகில்: நீ எல்லாவற்றுக்கும் 8கே போட்டு வைத்திருக்கிறாய். பின்னால் நிற்கும் சுவருக்குக்கூட.

சரவணன் மாமா: அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 8192க்கு 8192 படம் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால், மெமரியில் 256 எம்பி பிடிக்கும். ஜேபெக் கோப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கார்டுக்குள் போகும்போது விரிந்துவிடும். அதையே 4கே ஆக்கினால் 64 எம்பி. யாழினி, எத்தனை 8கே இருக்கிறது?

யாழினி: எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பொருளுக்கு நிறம், சொரசொரப்பைக் காட்டும் ரஃப்னஸ், மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல் என்று குறைந்தது மூன்று படம் வரும். ஆனால் முகத்தை நெருக்கத்தில் காட்டும் ஷாட்டில் குறைக்க மாட்டேன்.

சரவணன் மாமா: முகத்தில் குறைக்காதே. சுவரில் குறை. பிளெண்டரில் சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் லிமிட் இருக்கிறது, ஆனால் அது எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

கீதா சித்தி: அக்கா, அந்தக் கம்ப்யூட்டரில்தானே நம் அப்பா போட்டோ எல்லாம் இருந்தது? கழற்றும்போது டிஸ்க்கை யாரும் தொட்டுவிடாதீர்கள்

அம்மா: போட்டோ இதில் இல்லை. காப்பி எடுக்கிறேன் என்று அண்ணன் கொண்டுபோனது கொண்டுபோனதுதான்.

ராஜு மாமா: பத்திரமாக இருக்கிறது

அம்மா: பத்திரமாக இருப்பது தெரியும். எங்களுக்கு எப்போது வரும்?

ராஜு மாமா: இப்போது கார்டைப் பற்றிப் பேசலாமே

கீதா சித்தி: அப்பா பேசுகிற வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது அண்ணா

ராஜு மாமா: ஞாயிறு கொண்டு வருகிறேன்

கீதா சித்தி: எந்த ஞாயிறு

அப்பா: சரவணா, நான் எதைக் கேட்க வேண்டும்?

சரவணன் மாமா: அத்தான், என் ஓட்டு 3060-க்கு. இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மதர்போர்டு பழசு, கார்டைச் செருகும் இணைப்பு பிசிஐஇ 3. 4060 எட்டு லேனில், அதாவது எட்டுத் தடத்தில்தான் பேசும், 3060 பதினாறில் பேசும். மெமரி வழிந்து ராமுக்குப் போய்வரும் நேரத்தில், உங்கள் போர்டில் 4060-க்குப் பாதி அகலப் பாதைதான் கிடைக்கும். கேமில் இது பெரிதாகத் தெரியாது. யாழினி வேலையில் தெரியும்.

சரவணன் மாமா: முக்கியமாக ஒன்று. 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் உண்டு. அதில் பாதையும் 128 பிட்தான். அதை வாங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். பெட்டியில் 12 ஜிபி என்று கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

முகில்: அப்போது என் கேம்?

யாழினி: 3060-லும் ஓடும்டா. இதுவரை 1050 டிஐ-யில்தானே ஆடினாய்

முகில்: அக்கா 8கே எத்தனை என்று எண்ணிச் சொல்லட்டும். 8 ஜிபிக்குள் வந்தால் 4060. சரிதானே மாமா?

சரவணன் மாமா: 7க்குள் வந்தால் பேசலாம். திரைக்கும் விண்டோஸுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

யாழினி: இந்தக் காட்சி வரும். அடுத்த காட்சியில் கூட்டமே இருக்கிறது.

அம்மா: அப்போது 3060 என்று எழுதிக்கொள்ளட்டுமா?

சரவணன் மாமா: பவர் சப்ளையைப் பார்க்காமல் எழுதாதே அக்கா. 170 வாட் கார்டு, முழு மெஷினுக்கு 550 வாட் சப்ளை என்பது இந்தச் சிப்புகளைத் தரும் என்விடியா சொல்லும் அளவு. 4060-க்கும் அதே 550தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் அது இழுப்பது குறைவு. லேபிளில் என்ன இருக்கிறது அத்தான்?

அப்பா: 230 வோல்ட்.
[படம்]

முகில்: அப்பா அது மானிட்டர்

அப்பா: இதுவா? 450 என்று இருக்கிறது. மிச்சம் தூசியில் தெரியவில்லை.
[படம்]

சரவணன் மாமா: 450ஆ... பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய கார்டுக்குப் பக்கத்தில் எட்டு பின் வயர் ஏதாவது சும்மா தொங்குகிறதா பாருங்கள். 1050 டிஐ பலவற்றுக்கு அந்த வயரே தேவைப்படாது. அது இல்லையென்றால் இரண்டு கார்டுமே இன்று வேண்டாம், முதலில் சப்ளையை மாற்ற வேண்டும்.

முகில்: வயர் இருந்து சப்ளை 450தான் என்றால் 4060தானே?

சரவணன் மாமா: முதலில் வயர் இருக்கட்டும்.

அப்பா: கழற்றுகிறேன்.

அம்மா: பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள்