சீஸின் தலையில் தேன்: சரியா, அநியாயமா? உங்கள் அனுபவம்

உப்புக்கல்

அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசார விருந்து. மேசை நடுவில் பெரிய துண்டாக ப்ளூ சீஸ் (நீலப் பூஞ்சை ஓடியது), எல்லாருக்கும் பொது. வந்ததிலிருந்தே என் கண் அதன் மேல்தான். என் முறை வருவதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் தேன் குப்பியை எடுத்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், முழுத் துண்டின் மேலும் கவிழ்த்துவிட்டார். "இதை இப்படித்தான் சாப்பிட வேண்டும்" என்று பாடம் வேறு. தேன் மெதுவாக வழிந்து, நீலம் ஓடிய பிளவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி நிரம்புவதை உட்கார்ந்து பார்த்தேன். மேலாளர் ஆயிற்றே, வாயைத் திறக்கவா முடியும்?

ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டேன். முதலில் தேன். பிறகும் தேன். விழுங்கிய பின் தொண்டையில் லேசாக ஒரு கரிப்பு. அவ்வளவுதான் மிச்சம். உப்பும் புளிப்பும் காரலும் கூடிவரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து பழுக்க வைக்கிற பண்டம் அது. அதன் தலையில் தித்திப்பைக் கொட்டிவிட்டு ரசனை என்று பெயர் வைப்பதா? எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?


கோமதி

உங்கள் கோபம் தேன் மேலா, மேலாளர் மேலா? எனக்கென்னவோ மேலாளர் மேல்தான் என்று படுகிறது. பொதுத் தட்டில் கைவைத்தது அவர். தேனை எதற்கு இழுக்கிறீர்கள்?

எனக்கு நேர்ந்தது வேறு விதம். உடன் வேலை பார்த்த நார்வேக்காரப் பெண்ணின் வீட்டில் காலை உணவு. ரொட்டியின் மேல் பழுப்பாக ஒரு சீவல். ப்ரூனோஸ்ட் என்ற அந்த நார்வேப் பழுப்புச் சீஸ் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நான் அன்றுதான் பார்க்கிறேன். சீஸ் என்றதும் கரிப்புக்குத் தயாராகிவிட்ட நாக்கில் கெட்டியான கேரமல் சுவை வந்து விழுந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக் குழந்தை, தன் அம்மாவின் காதில் எதையோ சொல்ல, இருவரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று கேட்காமல் வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

எவ்வளவு சர்க்கரை சேர்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒரு சிட்டிகைகூட இல்லையாம். பால் திரிந்து கட்டி பிரிந்த பின் நிற்கும் தெளிநீரைத்தான் பாலும் பாலேடும் சேர்த்து மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுகிறார்கள். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையில் பெரும்பகுதி அந்த நீரோடுதான் போகிறது. மற்ற சீஸ்களுக்கு அதை வடித்துவிடுகிறார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தையும் பாக்டீரியா அமிலமாக்கிவிடுகிறது. பாலில் இருந்த இனிப்பை நாமே வெளியேற்றிவிட்டு, அது வேறு வழியில் திரும்பி வந்தால் அந்நியம் என்கிறோம். (இன்னொன்று: 2013 ஜனவரியில் நார்வேயில் ஒரு சுரங்கப் பாதைக்குள் இந்தச் சீஸை ஏறத்தாழ 27 டன் ஏற்றிவந்த லாரி தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தது. அதில் உள்ள கொழுப்பும் சர்க்கரையும் அப்படி.)


தூரத்து இடி

கோமதி அவர்களே, கறாராகப் பார்த்தால் நீங்கள் சாப்பிட்டது சீஸே இல்லை. கட்டியை விட்டுவிட்டு நீரைக் காய்ச்சி எடுத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதை வைத்து உப்புக்கல்லின் வாயை அடைக்க முடியாது. லாரிக் கதை நன்றாக இருந்தது, அது வேறு.

தேனாவது மேலே கிடக்கும், வழித்துப் போட்டுவிடலாம். கிரான்பெர்ரி என்ற சிவப்புப் பழம் போட்ட வென்ஸ்லிடேல் என்ற இங்கிலாந்துச் சீஸை என்ன செய்வது? அத்தை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குச் சீஸ் பிடிக்கும் என்று ஆசையாக வாங்கி வைத்திருந்தாள். அவள் உள்ளே போன சமயம் பார்த்து, கத்தி முனையால் பழங்களை ஒவ்வொன்றாகத் தோண்டித் தட்டோரம் ஒதுக்கினேன். திரும்பி வந்தவள் அந்தச் சிவப்புக் குவியலைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, ஒதுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். என் தட்டில் மிஞ்சியது பொத்தல் விழுந்த ஒரு துண்டு. தோண்டியும் பயனில்லை, சாறு ஏற்கெனவே உள்ளே ஊறியிருந்தது.

வென்ஸ்லிடேலுக்கு இயல்பிலேயே லேசான புளிப்பும் தேன் மணமும் உண்டு. யார்க்‌ஷயர்க்காரர்கள் அதை ஆப்பிள் பை என்ற மாவுப் பண்டத்தோடும் பழக் கேக்கோடும் சாப்பிடுகிறார்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே எவ்வளவு கேக், எவ்வளவு சீஸ் என்பது சாப்பிடுகிறவன் கையில் இருக்கிறது. உள்ளே புதைத்துவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது.


வேணு

சேர்க்காத இனிப்புக்கே நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மாமனாருக்குச் சர்க்கரை நோய். கல்யாணமான புதிதில் அவர் வந்திருந்தபோது, நன்கு முதிர்ந்த கௌடா சீஸ் ஒரு துண்டு கொடுத்தேன். கடித்தார், நறநறவென்றது. உடனே உள்ளங்கையில் துப்பி, விளக்குக்கு நேராகப் பிடித்து, அதிலிருந்த வெள்ளைத் துகள்களைச் சுண்டுவிரலால் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

"மாப்பிள்ளை, இது என்ன?"

அவை சர்க்கரைக் கற்கள் அல்ல. சீஸ் முதிரும்போது புரதம் உடைந்து, தைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாகத் திரள்கிறது. முதிர்ந்த கௌடாவில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். கேரமல் வாசனை முதிர்ச்சியில் வருவது. எமென்டால் என்ற சீஸில் தெரிகிற லேசான தித்திப்புக்கும் புரோலின் என்ற அமினோ அமிலம்தான் பெரும் காரணம். இவ்வளவையும் பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என் மனைவியிடம் தனியாக, "மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் நீ கொடுப்பதை மட்டும் சாப்பிடுகிறேன்" என்றாராம். இன்றைக்கும் என் கையால் எதை நீட்டினாலும் முதலில் மகளைப் பார்க்கிறார்.


அன்பரசி

மகளின் பிறந்தநாளுக்காக அன்னாசிப் பழத்தை நறுக்கி க்ரீம் சீஸில் கலந்து, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் ரொட்டியில் தடவிக் கொடுத்தால், பிள்ளைகள் ஒவ்வொருவராக நுனியைக் கடித்துவிட்டுத் தட்டில் திருப்பி வைத்தார்கள். கலவை நீர்த்துப்போய் ஒரே கசப்பு. ஒரு பையன் மட்டும், பாவம், கண்ணில் நீர் வர முழுவதையும் தின்று முடித்து "நன்றி ஆன்ட்டி" என்றான்.

வேறு யாருக்கும் இப்படி ஆகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை வெட்டுகிறது, வெட்டுப்பட்ட துணுக்குகள் கசக்கின்றன. டப்பாவில் வருவது சூடுபடுத்தி அடைத்த பழம், நொதி செத்திருக்கும், அதனால் பயமில்லை. புதுப் பழம்தான் வேண்டும் என்றால் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கலக்குங்கள், அல்லது பரிமாறுகிற நேரத்தில் மேலே வையுங்கள். கிவி, பப்பாளி, பச்சை அத்தி எல்லாவற்றிலும் இதே வகை நொதிகள் உண்டு. திராட்சை, ஆப்பிள், பேரிக்காய் தொந்தரவு தராது. சீஸை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள், குளிர்ந்திருந்தால் மணமே எழாது. கரிப்பு கூடிய சீஸுக்கு அடர்த்தியான இனிப்பு, சாதுவான சீஸுக்கு மெல்லிய இனிப்பு. பிரான்ஸில் ராக்ஃபோர் சீஸுக்கு சோத்தெர்ன், இங்கிலாந்தில் ஸ்டில்டன் சீஸுக்கு போர்ட் என்று இனிப்பு ஒயினை வைப்பது இதனால்தான். மது ஆகாது என்பவர்களுக்கு உலர்ந்த அத்தியும் பேரீச்சையும் இருக்கின்றன. ஸ்பெயினில் மாஞ்செகோ சீஸோடு குவின்ஸ் பழத்தைக் காய்ச்சி இறுக்கிய கட்டியை வைக்கிறார்கள். பிரேசிலில் வெள்ளைச் சீஸோடு கொய்யாக் கட்டி. இரண்டையும் ஒரே கனத்தில் வெட்டாதீர்கள், சீஸ் தடிமனாகவும் பழக்கட்டி மெல்லியதாகவும் இருக்கட்டும். ஜாம் என்றால் விதையுள்ள ஜாமாக, புளிப்பு தூக்கலானதாகப் பாருங்கள். தேனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சின்னக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு வையுங்கள்.


இரவுப்பறவை

அன்பரசி அக்கா, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

அன்னாசி பீட்சாவைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்காதது ஆச்சரியம். நானும் அறைத்தோழனும் பாதிக்குப் பாதி என்று சொல்லி வாங்கினோம். வந்ததோ முழுவதும் அன்னாசி. பெட்டியைத் திறந்து பார்த்தவன், பேசாமல் மூடியைச் சாத்தி, இரண்டு பக்கத்துக் காதையும் பொறுமையாகச் செருகி என் பக்கம் தள்ளிவிட்டு, பட்டினியாகவே போய்ப் படுத்துக்கொண்டான். நான் இருட்டில் உட்கார்ந்து தின்றேன். அருமையாக இருந்தது, அதுதான் சங்கடம்.

இதை இத்தாலியர் தலையிலோ ஹவாய்க்காரர் தலையிலோ கட்டாதீர்கள். 1962இல் கனடாவின் ஒன்டாரியோவில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய சாம் பனோபுலோஸ் தம் உணவகத்தில் செய்து பார்த்தது. டப்பா அன்னாசிதான், ஆகவே நொதிப் பிரச்சினையும் எழவில்லை. 2017இல் ஐஸ்லாந்து அதிபர் பள்ளி மாணவர்களிடம் முடிந்தால் இதைத் தடை செய்வேன் என்று சொல்லிவிட்டு, பிறகு தமக்கு அந்த அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

உப்புக்கல் ஐயாவுக்கு ஒன்று. உப்பு கசப்பை அடக்கும், அடங்கிய கசப்பின் கீழிருந்து இனிப்பு மேலே வரும். 1997இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றி ஆய்வே வந்திருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள பொருளே தேனுக்குக் கூட்டாளிதான்.


உப்புக்கல்

கூட்டாளி என்றால் பங்கு சமமாக இருக்க வேண்டும் அல்லவா? அன்று ஒரு குப்பித் தேனுக்கு நடுவில் எந்த உப்பு எதை அடக்கும்? ஒரு துளி தொட்டுச் சாப்பிட்டிருந்தால் நீங்கள் சொல்வது நடந்திருக்கலாம். தொட விடவில்லையே.

இனிப்பையும் சீஸையும் சேர்ப்பதை அரசாங்கமே எழுதி வைத்த ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1999இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பையாக அறிவித்தது. அதைப் பரிமாறுகிறவர் குளிர்ந்த பால், வெனிலா ஐஸ்க்ரீம், அரை அவுன்சுக்குக் குறையாத செடார் சீஸ் துண்டு, இவற்றில் ஒன்றையாவது சேர்த்துத் தர மனப்பூர்வமாக முயல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கவனியுங்கள், துண்டு. எடை போட்டு, தனியாக. செடாரைக் கரைத்துப் பைக்குள் ஊற்று என்று அவர்கள் சொல்லவில்லை. தூரத்து இடி சொன்னதுதான் என் கட்சி: தள்ளி வையுங்கள், எவ்வளவு என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.


கோமதி

அப்படியானால் சீஸ்கேக்கை என்ன செய்வீர்கள்? சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவரச் சொல்வீர்களா?